கட்டியங்காரன் கேட்கும் கேள்வி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து தாத்தாவின் ஊருக்குப் போயிருந்தேன். செய்யாற்றுக்குப் பக்கத்தில் சிறிய கிராமம். அங்கே ஒரு திருவிழா இரவில் முதன்முதலாகத் தெருக்கூத்துப் பார்த்தேன். வேடம் கட்டியவர் நேரே ஆடுகளத்துக்கு வந்துவிடவில்லை. இருவர் பிடித்திருந்த திரைக்குப் பின்னால் நின்று பாடினார். சலங்கை ஒலி கேட்டது, கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. கட்டியங்காரன் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, வந்திருப்பது யார், எந்த நாடு, இந்தச் சபைக்கு வந்த காரியம் என்ன என்று விசாரித்தான். அவர் தம் பெயரையும் குலத்தையும் வந்த காரியத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் கதை நகர்ந்தது. அது என்ன கதை என்பது இப்போது நினைவில் இல்லை. பாதியிலேயே பாட்டியின் மடியில் தூங்கிப்போனேன். அந்த விசாரணை மட்டும் நினைவில் தங்கிவிட்டது. நடிப்பைப் பற்றி நான் பின்னாளில் கற்றவற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

சென்ற மாதம், எங்கள் நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளையர்கள் ஒத்திகை முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். ஒரு கதாபாத்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தம்பியின் கேள்வி. வேலைக்கும் போய்க்கொண்டு, பல மாதங்கள் வாய்ப்பே இல்லாமலும் இருந்துகொண்டு, நடிப்பின் மீதுள்ள ஆசை வற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது தங்கையின் கேள்வி. கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அன்று சரியாக விடை சொல்லவில்லை. இரண்டையும் வேறு வேறு கேள்விகளாகவே அன்று எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தபோது அப்படித் தோன்றவில்லை.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் முழுநேர நடிகை அல்லேன். பகலில் ஜூரோங்கில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மாலை ஏழரைக்குமேல் ஒத்திகை. எங்கள் மேடையில் நீங்கள் பார்க்கும் ஆசிரியர், தாதி, பொறியாளர், பாதுகாவல் அதிகாரி எல்லாரும் உண்மையிலேயே பகலில் அந்த வேலைகளைச் செய்பவர்கள்தாம். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருந்தாலும், 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினர்தாம். அவர்களில் நாடகம் பார்க்க வருபவர்கள் இன்னும் குறைவு என்பதால், மூன்று மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் மூன்று அல்லது நான்கு காட்சிகளோடு முடிந்துவிடுகிறது. மற்ற நாடுகளில் ஒரே நாடகத்தை நூறு இரவுகள் ஆடுபவர்கள் இருபதாவது இரவில் கண்டுபிடிப்பதை நாங்கள் முதல் இரவுக்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும். மேடையில் ஆடி ஆடிப் பாத்திரம் பழுக்கட்டும் என்று காத்திருக்க எங்களுக்கு இரவுகள் இல்லை. ஆகவே ஒத்திகை அறையில் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பது எங்களுக்கு வாழ்வா சாவா என்கிற அளவுக்கு முக்கியமானது.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு எனக்குக் கிடைத்த வேடம் ஒன்றிலிருந்துதான் இதைச் சொல்ல முடியும். தோ பாயோவில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டை விற்றுவிட்டு, சாவியைச் சொத்து முகவரிடம் ஒப்படைக்கும் அறுபது வயதுப் பெண். கணவர் இல்லை, மூத்த மகன் வீட்டில் ஓர் அறை அவளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. காட்சியின் நீளம் நான்கே நிமிடம். உரைப்பிரதியில் அவள் சாவியை நீட்டும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் "அழுகிறாள்" என்று எழுதியிருந்தது.

நான் அழுதேன். எனக்கு அழ வரும் என்பதில் அப்போது பெருமை இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு காலமான என் அப்பாவின் கடைசி நாள்களை மனத்துக்குள் வரவழைப்பேன். கண்ணீர் தானாக வந்துவிடும். முதல் வாரம் உடன் நடித்தவர்கள் கலங்கிப்போனார்கள். இரண்டாவது வாரம் சற்று முயன்றபின் வந்தது. மூன்றாவது வாரம் அப்பாவின் முகத்தை எவ்வளவு நேரம் நினைத்தும் ஒன்றும் வரவில்லை. அதைவிடக் கொடுமை, அன்றிரவு வீட்டில் அவருடைய படத்துக்கு முன்னால் நின்றபோதும் எதுவும் வரவில்லை. என் துக்கத்தை நானே எடுத்துச் செலவழித்துவிட்டேன் என்று பயந்துபோனேன்.

இயக்குநர் எங்களுக்கெல்லாம் அண்ணன். கோபப்படமாட்டார். "கண்ணீர் தெரியுதும்மா, வீடு தெரியல," என்றார். பிறகு, "சாவியக் குடுக்கிற இந்த நிமிஷத்துல அவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவள் துக்கத்தில் இருக்கிறாள் அண்ணே என்றேன். "அது அவ நிலைமை. நான் கேட்டது அவளுக்கு என்ன வேணும்னு," என்றார். என்னிடம் விடை இல்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

உயர்நிலைப்பள்ளியில் எங்கள் தமிழாசிரியை எட்டு மெய்ப்பாடுகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தேர்வுக்குப் பிறகு நான் அவற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த வாரம் விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை உரையோடு எடுத்துப் படித்தேன். மெய்ப்பாடு என்பதே உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் புலப்படுவது. நான் மறந்திருந்தது, அல்லது பள்ளியில் கவனிக்காமலே விட்டது, அதற்கு அடுத்து வரும் நூற்பாக்களை. தொல்காப்பியர் எட்டு உணர்ச்சிகளையும் பட்டியலிட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்துவிட்டுத்தான் நகர்கிறார்.

"இளிவே இழவே அசைவே வறுமையென
விளிவில் கொள்கை அழுகை நான்கே."

பிறர் இகழ எளியவளாகிப் போவதால் வரும் அழுகை இளிவு. உறவையோ உடைமையையோ இழந்ததால் வருவது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்துவிட்டதால் வருவது அசைவு. வேண்டியதைத் துய்க்க வழியில்லாமையால் வருவது வறுமை. மேசையில் அந்த ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் உரைப்பிரதி "அழுகிறாள்" என்று ஒரே சொல்லில் முடித்ததற்குள் நான்கு வெவ்வேறு பெண்கள் இருந்தார்கள். மூன்று வாரமாக நான் அவர்களில் ஒருத்தியையும் நடிக்கவில்லை.

அடுத்த ஒத்திகையில் நான்கையும் தனித்தனியாகச் செய்து பார்க்க அண்ணனிடம் அனுமதி கேட்டேன். வசனத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

இழவில் தொடங்கினேன். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது வீட்டிடம் விடைபெறுவது. முகவர் பேசிக்கொண்டிருக்க, என் கண்கள் சாமி மேடை இருந்த இடத்துக்குப் போயின. அங்கே சுவரில் விளக்கின் புகைக்கறை இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, விரலால் அதைத் தொட்டேன். காட்சி அழகாக இருந்தது, ஆனால் மிக மெதுவாகப் போயிற்று. எதிரில் நின்ற முகவருக்கு அதில் இடமே இல்லை. வறுமைக்கு வந்தபோது அவளுக்கு வேண்டியது கையில் மிஞ்சும் தொகை. படிவத்தில் இருந்த எண்கள்மீது விரல் வைத்து வைத்துப் படித்தேன். குரல் தானாகவே சிறுத்துவிட்டது. இளிவில், இந்த இளைஞன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்பதே அவளுக்கு வேண்டியது. சாவிக்கொத்து கைதவறிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள், எடுத்த பிறகும் தேடிக்கொண்டிருப்பதைப்போல முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். ஒத்திகை அறை அமைதியாகிவிட்டது.

அசைவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். முப்பது ஆண்டுகள் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் உபசரித்து அனுப்பியவள் அவள். இன்னும் நான்கு நிமிடங்களுக்கு இந்த வீட்டுக்காரியாகவே இருந்துவிட வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அதை மட்டும் எடுத்துக்கொண்டு முகவரைப் பார்த்தபோது, உரைப்பிரதியில் இல்லாத செயல் ஒன்று என்னிடமிருந்து வெளிப்பட்டது. அவர் உட்கார இடம் தேடினேன், நாற்காலி இல்லை. கோப்பி போட்டுத் தரலாம் என்று சமையலறைப் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தேன். அடுப்பைக் கழற்றிக்கொண்டுபோய் இரண்டு நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வருகிறது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கையில் சாவி இருந்தது. அண்ணன் எழுந்து வந்து, அந்த இரண்டு அடியை எக்காரணம் கொண்டும் மாற்றாதே என்றார்.

இரண்டாவது காட்சியின்போது, முன்வரிசையில் யாரோ ஒரு மூதாட்டி, தமக்குத்தாமே பேசிக்கொள்வதைப்போல, "அடுப்பு ஏதும்மா," என்று சொன்னது என் காதில் விழுந்தது.

தொல்காப்பியர் நடிகர்களுக்குப் பாடநூல் எழுதவில்லை. செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தார். ஆகவே மேலைநாட்டார் பிற்காலத்தில் கண்டுபிடித்ததை நாம் அன்றே சொல்லிவிட்டோம் என்று மார்தட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. 1898இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோவில் கலை அரங்கத்தைத் தொடங்கிய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டனிஸ்லாவ்ஸ்கி, நாள்தோறும் மேடையேறும் நடிகன் எப்படி ஒவ்வொரு முறையும் உயிரோடு இருப்பது என்ற தொழில்முறைச் சிக்கலிலிருந்து தொடங்கினார். பாத்திரத்தின் சூழ்நிலைகள் எவை, அந்தச் சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன், இந்தக் கணத்தில் பாத்திரம் எதை அடைய முயல்கிறது என்று கேட்கப் பழக்கினார். வாழ்வின் பிற்பகுதியில், உணர்ச்சியை நேரடியாகத் துரத்தாமல், உடல் செய்யும் சிறு செயல்களின் வழியாக அதை அணுகவே அவர் அதிகம் முனைந்தார். அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் 1934இல் பாரிஸில் அவரைச் சந்தித்துப் பல வாரங்கள் பயின்றார். நாடு திரும்பியதும், நடிகர் தம் சொந்தக் காயங்களைக் கிளறுவதைவிட நாடகத்தின் சூழ்நிலையைக் கற்பனையால் கட்டியெழுப்புவதே முதன்மையானது என்று தம் குழுவினரிடம் வாதிட்டார். அக்குழுவில் நடிப்புப் பயிற்சி அளித்துவந்த லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. என் அனுபவத்தில் நான் ஆட்லரின் பக்கம். அப்பாவின் மரணத்தை நான் மேடைக்கு எடுத்துச் சென்றபோது பார்வையாளருக்குக் கிடைத்தது என் அப்பாவும் இல்லை, அந்தப் பெண்ணின் வீடும் இல்லை. இளையர்கள் யாராவது தங்கள் துயரத்தைப் பிழிந்து நடிக்க முற்பட்டால், வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

பாத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேரளத்தின் கூடியாட்டம்போல் பொறுமையாகக் கேட்கும் கலையை நான் அறிந்ததில்லை. நம் நாட்டில் நாடகாசிரியர் குவோ பாவ் குன்னும் நாடகக் கலைஞர் சசிதரனும் 2000ஆம் ஆண்டு தொடங்கிய நடிப்புப் பயிற்சித் திட்டம், பின்னாளில் பன்முகக் கலாசார நாடகக் கழகமாயிற்று. கூடியாட்டம், ஜப்பானிய நோ, சீன இசை நாடகம் ஆகியவற்றை அங்கே மாணவர்கள் அந்தந்தக் கலையின் ஆசான்களிடமே பயின்றார்கள். அங்கே பயின்ற நண்பர் ஒருவர்தான் எனக்கு நிர்வஹணத்தைப் பற்றிச் சொன்னார். கூடியாட்டத்தில் பாத்திரம் முதன்முதலாக மேடைக்கு வந்ததும் கதை அங்கேயே நின்றுவிடும். நடிகர் அந்தக் கணத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, இப்பாத்திரம் இங்கே வந்து நிற்கக் காரணமான முன்கதை முழுவதையும் தனியொருவராக, சில வேளைகளில் பல இரவுகளுக்கு, அபிநயித்துவிட்டு மீண்டும் அதே கணத்துக்குத் திரும்புவார். எங்களுக்குப் பல இரவுகள் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வேடத்துக்கும், காட்சி தொடங்குவதற்கு முந்தைய ஒரு நாளை மட்டும் நான் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன்: காலையில் என்ன சாப்பிட்டாள், யாரிடம் பேசினாள், எந்தப் பேருந்தில் வந்தாள், பையில் என்ன இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குகூட மேடையில் தெரியாது. ஆனாலும் வாசலில் நுழையும்போது உடம்பு எங்கிருந்தோ வந்ததாக இருக்கும்.

குவோ பாவ் குன்னைப் பற்றிப் பேசும்போது, பூனையைத் தேடும் தாயைப் பற்றி அவர் 1988இல் மேடையேற்றிய பன்மொழி நாடகத்தை எப்படிச் சொல்லாமல் இருப்பது? அதில் ஹொக்கியன் பேசும் முதியவளும் தமிழ் பேசும் முதியவரும் சந்திக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் இருவரும் தேடுவது பூனையை. அவள் தன் பிள்ளைகளிடம் பேச முடியாததை அவரிடம் சைகையாலும் ஒலியாலும் பேசிவிடுகிறாள். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று நடிகருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால், மொழி தெரியாத பார்வையாளருக்கும் காட்சி போய்ச் சேரும் என்பதற்கு இந்தத் தீவிலேயே கிடைக்கும் சான்று அது. வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களை ஆங்கில வசனவரிகளோடு பார்க்கும் சீன, மலாய் நண்பர்கள் என்னிடம் எந்தக் காட்சிகளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதிலிருந்தும் இதை நான் உணர்ந்திருக்கிறேன்.

மொழியே தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எங்களில் பலருக்கு, என்னையும் சேர்த்துத்தான், குரலும் உச்சரிப்பும் பெரிய குறை. பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளைகள் மட்டும் தமிழ் படித்து, நாள் முழுவதும் ஆங்கிலத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவரின் நாக்கு, மாலையில் மேடைத் தமிழுக்கு உடனே வளைந்துகொடுப்பதில்லை. ழகரம் யகரமாகும், றகரமும் ரகரமும் ஒன்றாகும், நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல் காற்றில் கரைந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது! "அவனை நான் மன்னிக்க" என்பதுவரை கேட்டுவிட்டு, "மாட்டேன்" காதில் விழவில்லை என்றால் காட்சியே தலைகீழாகிவிடும். இதற்கான பயிற்சியையும் நான் தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இருந்துதான் எடுத்துக்கொண்டேன். காற்று கொப்பூழிலிருந்து எழுந்து, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று அது எட்டு இடங்களைச் சொல்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பதினைந்து நிமிடம், வயிற்றில் கை வைத்துக்கொண்டு, இந்த எட்டு இடங்களையும் வரிசையாக எழுப்புவேன். பிறகு தமிழ் முரசின் முதல் பக்கச் செய்தி ஒன்றை, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில், கடைசிச் சொல் தளராமல் வாசிப்பேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது.

உச்சரிப்பு சரியானால் போதாது. யாருடைய தமிழ் என்பதும் தெரிய வேண்டும். சென்னைத் திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்ததால், இங்கே பலர் வாய் திறந்தவுடன் சென்னைக்காரர்களாகிவிடுகிறோம். அறுபது ஆண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்த கிழவி காலையில் பசாருக்குப் போவாள், மார்க்கெட்டுக்குப் போகமாட்டாள். அவள் அப்பா கப்பல்துறையில் கிராணியாக இருந்திருப்பார். முதலாளியைத் தவுக்கே என்பார். அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ரோத்தானைக் காட்டுவார். மலாய்ச் சொற்களும் ஹொக்கியன் சொற்களும் கலந்த அந்தப் பேச்சைத் தாழ்ந்த தமிழ் என்று நினைத்து உரைப்பிரதிகளில் திருத்திவிடும் வழக்கம் எனக்கு மனவருத்தம் தருகிறது. தேக்கா ஈரச்சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் நின்று கேட்டால், எந்த நடிப்புப் பள்ளியும் கற்றுத்தராத தாளம் கிடைக்கும். மீன் விலை கேட்கும் அம்மா கடைசிச் சொல்லை எங்கே ஏற்றுகிறார், மறுக்கும் கடைக்காரர் எத்தனை நொடி மௌனமாக இருக்கிறார் என்றெல்லாம் கவனித்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன். என்னிடம் இப்போது பதினான்கு குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றில் முகங்களைவிடக் கைகளைப் பற்றிய குறிப்புகளே அதிகம்.

தொலைக்காட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே காட்சிகள் வரிசையாகப் படமாக்கப்படுவதில்லை. கணவன் இறந்த காட்சியைக் காலையிலும் பெண் பார்க்கும் காட்சியை மதியத்திலும் எடுப்பார்கள், ஒத்திகைக்கும் நேரம் இருக்காது. ஆகவே தொடர் முழுவதற்கும் ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு காட்சிக்கும் எங்கிருந்து வருகிறேன், யாரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொள்வேன். ஒப்பனை நாற்காலியில் உட்காரும்போது அந்த மூன்று வரியை மட்டும் படிப்பேன். மேடையில் இரண்டு அடி நடந்து காட்டியதைக் கேமரா முன்னால் கண்ணை ஒருமுறை திருப்பிக் காட்டினால் போதும்; வேறுபாடு அளவில்தான், கேள்வியில் இல்லை.

இனித் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அது எனக்குக் கடினமானது, ஏனென்றால் என் ஆசையும் ஒருமுறை வற்றியிருக்கிறது. தொடர் ஒன்றின் நடிகர் தேர்வுக்குப் போயிருந்தேன். நான் வசனம் பேசத் தொடங்குவதற்கு முன்பே, என் நிறத்துக்கு வேலைக்காரி வேடம்தான் பொருந்தும் என்று தேர்வாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்; எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கலாம். அதன்பின் ஓராண்டுக்குமேல் எந்தத் தேர்வுக்கும் நான் போகவில்லை. அடுத்து 2020 வந்தது. மார்ச் இறுதியில் அரங்குகள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கிருமிப் பரவலை முறியடிக்க, நாடே வீட்டுக்குள் இருந்தது. நாங்கள் தயார்செய்திருந்த நாடகம் கைவிடப்பட்டது. இனி நடிக்கமாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை.

அந்த எட்டு வாரங்களில், சமையலறையில் யாரும் கேட்காதபோது, கைவிடப்பட்ட அந்த நாடகத்தின் வசனங்களை நான் பேசிக்கொண்டிருந்தேன். என் வசனங்களை அல்ல. எனக்கு மாமியாராக வரும் பாத்திரத்தின் வசனங்களை. மருமகளின் தாலிச் சங்கிலியை அடகுவைக்கச் சொல்லும் பெண் அவள். ஒத்திகையின்போது அவளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. எதற்காக அப்படிக் கேட்கிறாள் என்று வெங்காயம் அரியும்போது யோசிக்கத் தொடங்கி, அவளுடைய முந்தைய நாளை எழுதினேன். பிறகு முந்தைய ஆண்டை எழுதினேன். ஒருநாள் இரவு, அவளும் தன் சங்கிலியை அப்படிக் கொடுத்தவள்தான், அது திரும்பி வந்தது, இதுவும் திரும்பி வரும் என்று உண்மையாகவே நம்புகிறாள் என்று தோன்றியது. கைத்தட்டல் இல்லை, இயக்குநர் இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் எட்டு வாரத்தில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த இரவு அது. எனக்குப் பிடிக்காத மனிதர்களின் காரணத்தைத் தேடி அவர்கள் பக்கம் போய் நிற்க, நடிப்பைத் தவிர வேறு எதுவும் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை. அலுவலகத்திலும் குடும்பத்திலும் நான் அவ்வளவு பொறுமையானவள் அல்லேன். இந்த வேலை என்னிடமிருந்து போய்விட்டால் அந்தப் பொறுமையும் போய்விடும் என்ற பயம் எனக்கு உண்மையாகவே வந்தது. ஜூலையில் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

ஆகவே, ஆசையை வற்றாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்ட தங்கைக்கு, அந்த ஆசையையும் ஒரு வேடமாக எண்ணி விசாரித்துப் பார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நடிக்க வேண்டும் என்பது உன் நிலைமை. உனக்கு வேண்டியது எது? திரையில் முகம் வர வேண்டும் என்பதா, உன் பாட்டியின் பேச்சு மேடையில் கேட்க வேண்டும் என்பதா, பகலில் வாய்மூடிக் கேட்டுக்கொண்டதற்கெல்லாம் இரவில் ஒரு குரல் வேண்டும் என்பதா? எதுவானாலும் குற்றமில்லை. ஆனால் முகம் வர வேண்டும் என்பவருக்கும் பாட்டியின் பேச்சு கேட்க வேண்டும் என்பவருக்கும் வாய்ப்பில்லாத மாதங்களில் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. முன்னவர் தம்மைப் படம்பிடித்துப் பார்த்துப் பழக வேண்டும், தேர்வுகளுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பின்னவர் பாட்டி இருக்கும்போதே அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

காலத்தைப் பற்றியும் தங்கை கவலைப்பட்டார். அவருக்கு வயது இருபத்து மூன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசான், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் எல்லாரும் உடனிருந்த அவளுக்கே ஏழாண்டு. ஏழரை மணிக்கு ஓடி வந்து பத்தரைக்கு ஓடிப்போகிற நமக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். அரங்கேற்று காதையில் எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லியிருக்கிறது. எங்கள் ஒத்திகை, அனுமதி பெற்ற நாள்களில் சமூக மன்றத்து அறையில். மற்ற நாள்களில் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டுக்கொண்டு.

இப்போது எனக்குக் கிடைத்திருக்கும் வேடத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். தங்கையின் திருமணத்துக்குப் போகாத அக்காள். பத்து ஆண்டுகள் கழித்து இருவரும் தற்செயலாக மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் சந்திக்கிறார்கள். அக்காள் கோபப்படுகிறாள் என்று உரைப்பிரதி சொல்கிறது. வெகுளிக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல். மூன்றைச் செய்து பார்த்துவிட்டோம். வைதும் அடித்தும் ஒருவரை அலைக்கழித்தலாகிய அலையில் ஏதோ இருப்பதாகத் தோன்றுகிறது, ஏனென்றால் சிறு வயதில் அந்தத் தங்கைக்கு விழ வேண்டிய அடிகளையும் இவளே வாங்கியிருக்கிறாள் என்று இரண்டாம் காட்சியில் ஒரு வரி வருகிறது. குடிகோளை இன்னும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஒத்திகை. அதற்குள் அவளுடைய முந்தைய நாளை எழுதியாக வேண்டும். அவள் எந்தப் பேருந்தில் வந்தாள் என்பதுவரைக்கும்தான் எழுதியிருக்கிறேன்.